ஐந்து வருடச் சம்பளம்

(யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலையம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் உறவுகளே,

இரண்டு வயதுப் பிள்ளை கதைக்கவில்லை என்றால் நாங்கள் முதலில் சொல்வது, "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்." அப்புறம் கோயிலுக்கு நேர்த்தி வைப்போம். வையுங்கள், அதோடு கிளினிக்குக்கும் போங்கள். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை, விரல் நீட்டி எதையும் காட்டாத பிள்ளை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளை, இவர்களை உடனே காட்ட வேண்டும். ஓட்டிசமாக, அதாவது கதைப்பதையும் மற்றவரோடு பழகுவதையும் பாதிக்கும் வளர்ச்சி வேறுபாடாக இருக்கலாம், காது கேளாமையாகவும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும்.

இலங்கையில், நகரை அண்டிய ஒரு பகுதியில் செய்து 2009 இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. அப்படியானால் இது எங்கோ ஒரு வீட்டுச் சங்கதி இல்லை. தாய் வளர்த்த விதத்தாலும் இது வருவதில்லை. தடுப்பூசியால் வருகிறது என்று பயம் கிளப்பிய 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010 இல் விலக்கிக்கொண்டது. இதையெல்லாம் எங்கள் மொழியில், முன்பள்ளியிலும் கோயில் வீதியிலும் சொல்ல ஆள் வேண்டும். 1847 இல் இங்கு வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த மண் இது. நம்மால் முடியாதா?

எங்களிடம் ஏற்கெனவே நல்ல வழி ஒன்று இருக்கிறது. 18 மாத ஊசிக்குப் பிள்ளைகள் கிளினிக்குக்கு வருகிறார்கள், கையில் வளர்ச்சிப் பதிவேடும் இருக்கும். அன்றைக்குக் குடும்பநல உத்தியோகத்தர் தாயோடு பத்து நிமிடம் கூடுதலாகக் கதைத்தால் பல பிள்ளைகளை நேரத்தோடு கண்டுபிடிக்கலாம். அதற்கு அவருக்குப் பயிற்சி வேண்டும், வேலைப்பளு குறைய வேண்டும். கண்டுபிடித்த பிள்ளையை அனுப்ப, தமிழில் வேலை செய்யும் பேச்சுச் சிகிச்சையாளர் வேண்டும். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பழக்கி விட்டு வீட்டில் தமிழ் கதைக்கச் சொல்ல முடியாது.

இப்போது காசுக் கதைக்கு வருகிறேன். வெளிநாட்டுச் சங்கங்கள் இந்த மண்ணுக்கு அள்ளிக் கொடுத்திருக்கின்றன, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் கட்டடமாகவே நிற்கிறது. பெயர்ப்பலகை வைக்கலாம், திறப்பு விழா எடுக்கலாம். உள்ளே சிகிச்சையாளர் இல்லாத அறையில் எந்தப் பிள்ளைக்குக் கதை வரும்? கிழமைக்கு ஒருமுறை, வருடக்கணக்காக, ஒரே ஆள் அந்தப் பிள்ளையோடு இருந்து பழக வேண்டும். நெடுந்தீவில் இருந்து வரும் தாய்க்குப் படகும் பஸ்ஸும் பிடித்து வரவே அன்றைய நாள் போய்விடும், கூலியும் போய்விடும்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் பெற்றோருக்கென்றே ஒரு பயிற்சி வைத்திருக்கின்றன: 9 குழு அமர்வுகள், 3 வீட்டுச் சந்திப்புகள். நிபுணர் அல்லாதவர்களும் பழகி நடத்தக் கூடியது. அந்தத் தாயிடம் நெடுந்தீவுக்கே அதைக் கொண்டுபோகலாம்.

ஆகவே சங்கத்துக்காரரிடம் நேராகக் கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் மூன்று விடயங்களை எழுதுங்கள்: ஒரு சிகிச்சையாளரின் ஐந்து வருடச் சம்பளம், தாய்மாரின் போக்குவரத்துச் செலவு, தீவுப் பகுதிப் பெற்றோர் பயிற்சி. சுகாதாரத் திணைக்களத்தோடு பேசி, அவர்களின் கிளினிக்குகளோடு சேர்த்தே செய்யுங்கள். கணக்கை வருடாவருடம் இந்த மண்டபத்தில் வாசியுங்கள்.