பூனைக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்: நியூரோஃபீட்பேக் உண்மையில் பலன் தருகிறதா?

[காட்சி: திரையில் அசையும் மூளை அலைகள்]

வணக்கம். தலையில் ஒரு சிறிய உலோக வில்லையை ஒட்டிக்கொண்டு திரையைப் பார்த்தால் போதும், கவனம் கூடும், பதற்றம் குறையும், தூக்கம் வரும் என்று பல நகரங்களில் நியூரோஃபீட்பேக் மையங்கள் விளம்பரம் செய்கின்றன. மூளை அலையைத் திரையில் காட்டி, அதை மாற்றப் பழக்கும் பயிற்சிதான் நியூரோஃபீட்பேக். பிள்ளையை அங்கே அழைத்துச் செல்லலாமா என்று யோசிக்கும் பெற்றோர், பணம் கட்டுவதற்கு முன் இந்த வீடியோவை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முன்கதை சுருக்கமானது. 1924இல் ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். தம் மூளையில் ஆல்ஃபா அலை, அதாவது விழித்தபடி ஓய்வாக இருக்கும்போது எழும் அலை, எப்போது எழுகிறது என்பதை மனிதர்கள் உணரப் பழகலாம் என்று பின்னர் சிகாகோவில் ஜோ கமியா என்ற ஆய்வாளர் காட்டினார்.

[காட்சி: ஆய்வுக்கூடத்தில் அசையாமல் அமர்ந்திருக்கும் பூனை]

என்னை வியக்க வைத்தவை பூனைகள்தான். 1960களில் கலிஃபோர்னியாவில் பேரி ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர், உணவுக்காகக் காத்திருக்கும் பூனை உடலைத் துளியும் அசைக்காமல், ஆனால் முழு விழிப்போடு இருக்கும் நேரத்தில், அதன் மூளையின் இயக்கப் பகுதியில் நொடிக்குச் சுமார் 12 முதல் 15 முறை துடிக்கும் ஓர் அலை எழுவதைக் கண்டார். அந்த அலை தோன்றும்போதெல்லாம் கொஞ்சம் பாலும் கோழிச் சாறும் கொடுத்தபோது, பூனைகள் அந்த அலையை அடிக்கடி எழுப்பக் கற்றுக்கொண்டன.

அதன் பிறகு வேறொரு வேலை அவரிடம் வந்தது. ராக்கெட் எரிபொருளான மோனோமெத்தில்ஹைட்ரசின் உடலுக்குள் போனால் வலிப்பு வரும் என்பதால், அதன் நச்சுத்தன்மையை அளந்து சொல்லும்படி கேட்டார்கள். பூனைகளுக்கு அதைச் செலுத்தியபோது பெரும்பாலானவற்றுக்கு எதிர்பார்த்த நேரத்தில் வலிப்பு வந்தது. ஆனால் சிலவற்றுக்கு மிகவும் தாமதமாக வந்தது, சிலவற்றுக்கு வரவே இல்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான், தப்பித்த பூனைகள் முன்பு அலைப் பயிற்சி பெற்றவை என்பது தெரியவந்தது. இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள்: தனக்குச் சிகிச்சை நடக்கிறது என்று பூனைக்குத் தெரியாது, குணமாகிவிடும் என்று அது நம்பியிருக்கவும் வழியில்லை.

1972இல் ஸ்டெர்மன் வலிப்பு நோயாளி ஒருவருக்குக் கிடைத்த பலனை வெளியிட்டார். 1976இல் அமெரிக்காவின் டென்னசியில் ஜோயல் லூபார் என்ற ஆய்வாளர் மிகைத் துறுதுறுப்புள்ள ஒரு குழந்தைக்கு இதே வழியை முயன்றார். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாட்டுக்கான இன்றைய பயிற்சிகள் அங்கிருந்து வந்தவை.

[காட்சி: பயிற்சி அறை, நாற்காலி, திரை]

பயிற்சியில் உச்சந்தலையைத் துடைத்து, மின்சாரத்தைக் கடத்தும் பசையைத் தடவி, அதன் மேல் வில்லையை ஒட்டி, காது மடலில் கிளிப் மாட்டுகிறார்கள். வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் தலைக்குள் செலுத்தப்படுவதில்லை. கருவி படிக்கும் சமிக்ஞை சுமார் 50 மைக்ரோவோல்ட். ஒரு பென்சில் பேட்டரியின் அழுத்தத்தில் அது 30,000இல் ஒரு பங்குதான். வேண்டிய அலை கூடினால் திரையில் ராக்கெட் ஏறும், குறைந்தால் நின்றுவிடும். பிள்ளை பல்லை இறுகக் கடித்தாலோ கண்ணைச் சிமிட்டினாலோ, தசையின் சமிக்ஞை மூளையின் சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். அதனால்தான் பயிற்சியாளர் தாடையைத் தளர்த்தும்படி சொல்லிக்கொண்டே இருப்பார்.

ராக்கெட் ஏறுவதைப் பிள்ளையும் பார்க்கிறது, கட்டணம் செலுத்திய பெற்றோரும் மாற்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். அப்படியானால், பூனையைப் போலவே மனிதரையும் எதுவும் அறியாத நிலையில் வைத்துச் சோதிப்பது எப்படி? அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்கு ஓர் அருமையான வழி கண்டார்கள். 7 முதல் 10 வயதுக்குட்பட்ட, ஏ.டி.எச்.டி. உள்ள 144 குழந்தைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உண்மையான பயிற்சியும் மற்றதற்குப் போலிப் பயிற்சியும் அளித்தார்கள். போலிப் பயிற்சியில் திரைக் காட்சியை இயக்கியது முன்பே பதிவு செய்த வேறொருவரின் மூளை அலை. ஆனால் அந்தக் குழந்தையின் சொந்தக் கண் சிமிட்டலையும் தசை அசைவையும் அதனோடு உடனுக்குடன் கலந்ததால், யாருக்கும் வேறுபாடு தெரியவில்லை.

2021இல் முடிவு வெளியானது. 38 அமர்வுகளுக்குப் பிறகு, பெற்றோரும் ஆசிரியர்களும் அளித்த மதிப்பீட்டில் இரண்டு குழுக்களுமே நன்றாக முன்னேறியிருந்தன; இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. தூக்கமின்மை உள்ளவர்களிடம் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் நடந்து 2017இல் வெளியான ஆய்விலும் இதே நிலைதான். 2024இன் இறுதியில் 38 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் ஏ.டி.எச்.டி.க்கு இது தரும் பலனை உறுதிசெய்ய முடியவில்லை.

குழந்தைகள் முன்னேறியது பொய் என்று நான் சொல்லவில்லை. வாரந்தோறும் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, பொறுமையாக உட்காரப் பழக்கி, சிறு வெற்றியையும் பாராட்டினால் எந்தப் பிள்ளைக்கும் நல்லதுதான். அந்த நன்மைக்கு மூளை அலைதான் காரணம் என்று சொல்லி விலை வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். எத்தனை அமர்வுகள், மொத்தச் செலவு எவ்வளவு, பலனை யார் எப்படி அளப்பார்கள் என்று மையத்தில் முதல் நாளே கேளுங்கள்.

பிள்ளைக்கு ஏற்கெனவே பயிற்சி அளித்திருக்கும் பெற்றோரிடம் ஒரு கேள்வி: பயிற்சி பற்றி எதுவும் தெரியாத வகுப்பு ஆசிரியர், தானாகவே ஏதேனும் மாற்றத்தைக் கவனித்துச் சொன்னாரா? சொன்னதையும் சொல்லாததையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.