‘இன்று’ என்று எழுதாதீர்கள்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

வாட்ஸ்அப் குழு இல்லாத தெரு நம்ம திருநெல்வேலி ஜில்லாவில் இன்றைக்கு இல்லை. கால்வாய் விவசாயிகளுக்கு ஒரு குழு, அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு ஒரு குழு, பிள்ளைகளின் வகுப்புக்கு ஒன்று, கூடப் படித்தவர்களுக்கு ஒன்று, சொக்காரர்களுக்கு, அதாவது பங்காளிகளுக்கு ஒன்று. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம். அத்தனை பேர் கூடுகிற இடத்தில் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதினைந்து நிமிடமும்.

குழுவில் எழுதும்போது, எதிரே ஒருத்தர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி நினைத்து எழுதுகிறோம். டீக்கடை பெஞ்சில் அப்படித்தான். சொன்ன நிமிடத்திலேயே காதில் விழும், விளங்கவில்லை என்றால் ‘என்ன சொன்னிய?’ என்று கேட்டுக்கொள்ளலாம். குழுவில் அப்படி இல்லை. வயலில் நாற்றுப் பறிக்கிறவர் கரையேறி, கைகால் கழுவின பிறகுதான் போனைத் தொடுவார். பீடி சுற்றுகிற அக்கா, கட்டு எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துதான் பார்ப்பார். துபாயில் இருக்கிற தம்பி ஷிப்ட் முடிந்து பார்க்கும்போது இங்கே நடுச்சாமம். நீங்கள் எழுதுகிற நேரத்தில் அங்கே இல்லாதவர்தான் உங்களுடைய வாசகர். அவரை நினைத்து எழுதினால், குழுவில் வருகிற தொந்தரவில் முக்கால்வாசி தானாகவே நின்றுபோகும். பேச்சு முடிவதற்குள் இதையே நாலைந்து தடவை சொல்லுவேன். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ‘அவசரம். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஒரு தாய்க்கு நாளை காலை ஆபரேஷன். பி நெகட்டிவ் ரத்தம் உடனடியாகத் தேவை. தொடர்புக்கு’ என்று ஒரு போன் நம்பர். கீழே, ‘உங்கள் ஒரு ஷேர் ஓர் உயிரைக் காப்பாற்றும்.’

நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள். அனுப்புகிறவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செய்தியில் ‘நாளை காலை’ என்று இருக்கிறதே, அது எந்த நாளை? முதலில் எழுதினவருக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியும். அதற்கப்புறம் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்தால், அது முதலில் எழுதப்பட்ட நேரம் அதோடு சேர்ந்து வராது. நீங்கள் அனுப்பின நேரம்தான் அதன் ஓரத்தில் விழும். இரண்டு வருஷத்துக்கு முந்தின செய்தியானாலும், இன்று காலை 7.42-க்கு உங்களுக்கு வந்தால் 7.42 என்றே காட்டும். அன்றைக்குப் பறித்த கத்தரிக்காய் மாதிரி புதுசாகத் தெரியும். செய்திக்குள்ளேயே தேதி எழுதியிருந்தால் ஒழிய, அதன் வயதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

அப்புறம் என்ன நடக்கிறது? ரத்தம் கிடைத்திருக்கும், ஆபரேஷன் முடிந்திருக்கும், அந்த அம்மா வீட்டுக்கும் போயிருப்பார். நம்பருக்கு மட்டும் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். வாரக்கணக்கில் வரும், மாதக்கணக்கில் வரும். ஒருவேளை அந்த அம்மா பிழைக்காமல் போயிருந்தால்? காரியம் முடிந்த வீட்டில், ‘ரத்தம் வேணும்னு போட்டிருந்தியளே, ஆள் எப்படி இருக்காக?’ என்று யாரோ ஒருவர் கேட்டால், போனை எடுத்த மகன் என்ன சொல்லுவான்? இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இரண்டு மூன்று தடவை இப்படிப் பழைய செய்திக்கு அழைத்து ஏமாந்தவர், நாலாவது தடவை உண்மையான செய்தி வரும்போது அழைக்க மாட்டார். பி நெகட்டிவ் அபூர்வமான ரத்தம். கொடுக்கக்கூடிய ஒருவரை அப்படி இழந்துவிடுகிறோம். பழைய செய்தி செய்கிற பெரிய கெடுதல் அதுதான்.

ஆகையால் ‘இன்று’, ‘நாளை’, ‘நேற்று’, ‘இப்போது’ என்கிற நாலு வார்த்தையையும் குழுவில் தனியாக எழுதாதீர்கள். பக்கத்திலேயே கிழமையும் தேதியும் போடுங்கள். ரத்தம் கேட்டால் தேதி, எத்தனை மணிக்குள் வேண்டும், எந்த ஆஸ்பத்திரியில் எந்த வார்டு, எத்தனை யூனிட், கேட்பவர் நோயாளிக்கு என்ன உறவு என்று ஐந்தும் இருக்கட்டும். கிடைத்தவுடன், முதலில் போட்ட செய்திக்கே பதிலாக ‘ரத்தம் கிடைத்துவிட்டது, இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்’ என்று நேரத்தோடு போட வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் செய்கிறவர் மிகவும் குறைவு.

அடையாளம் ஒன்று சொல்லுகிறேன். ஒற்றை அம்புக்குறி இருந்தால் அது ஃபார்வர்டு. இரட்டை அம்புக்குறி இருந்தால், குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். 2020 ஏப்ரலில் இருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு தடவைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். இரட்டை அம்பைப் பார்த்தால் கை தானாக நிற்க வேண்டும். நம்பர் இருந்தால் முதலில் நீங்களே அழைத்துக் கேளுங்கள். கேட்காமல் அனுப்பாதீர்கள்.

மழைக்காலத்தில் வருகிற பள்ளிக்கூட விடுமுறை அறிவிப்பும் இதே ஜாதிதான். போன வருஷத்து அறிவிப்பைப் படம் பிடித்து, தேதி இருந்த மேல்பகுதியை வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள். தேதி வெட்டிய படம் எதுவானாலும் குழுவில் போடாதீர்கள்.

விவசாயிகள் குழுவுக்கு வருவோம். ‘நாளைக்குத் தண்ணி தொறக்காவளாம்.’ அவ்வளவுதான் செய்தி. தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு இருக்கிறது. எந்தக் கால்வாய்? கன்னடியன் காலா, கோடகன் காலா, பாளையங்காலா? எந்த நாளை? ‘தொறக்காவளாம்’ என்றால் யார் சொன்னது? இதை நம்பி ஒருவர் விதைநெல்லை ஒரு நாள் ஊறப்போட்டு, மறுநாள் சாக்கில் கட்டி மூட்டம் போட்டுவிட்டார் என்று வையுங்கள். முளை விட்ட நெல் காத்திருக்காது. தண்ணீர் நாலு நாள் தள்ளிப்போனால் அந்த விதை போச்சு, விதை வாங்கின காசும் போச்சு. ‘ஜூன் 5, வியாழன், காலை 10 மணி. கன்னடியன் கால். நீர்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டது’ என்று எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. கேட்டது யார் என்பதும், எழுதின உங்கள் பெயரில் இருந்தே தெரிந்துவிடும்.

அணை நீர்மட்டம் போடுகிறவர்களுக்கும் இதுதான். ‘98 அடி’ என்று மட்டும் போடுகிறார்கள். மணிமுத்தாறு மொத்தமே 118 அடி, பாபநாசம் 143 அடி. மணிமுத்தாற்றில் 98 என்றால் நிரம்ப இன்னும் 20 அடிதான், பாபநாசத்தில் 98 என்றால் இன்னும் 45 அடி வேண்டும். அணையின் பெயர், தேதி, முந்தின நாள் மட்டம் மூன்றும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்கு உயிர்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் உதவி கேட்டு எழுதுகிறவர் தேதி, மணி, ஊர், தெரு, அடையாளமாகக் கோயிலோ பள்ளிக்கூடமோ எழுத வேண்டும். எத்தனை பேர், அதில் குழந்தைகள், வயதானவர்கள் எத்தனை, தண்ணீர் எதுவரைக்கும் நிற்கிறது, முழங்காலா இடுப்பா, மாடி உண்டா என்பதும் வேண்டும். மீட்டாச்சு என்றால் அதே செய்திக்குக் கீழே ‘மீட்டாச்சு’ என்று மணியோடு போட வேண்டும். இல்லாவிட்டால் படகு ஆளில்லாத வீட்டுக்குப் போகும், ஆள் இருக்கிற வீட்டுக்குப் பிந்தும்.

தேதி விஷயத்திலேயே நேரம் ஓடிவிட்டது. ஆனாலும் அது தலையாய விஷயம்.

அடுத்து, பதில் போடுகிற முறை. கொடைக் குழுவில் ஒரே நேரத்தில் மூன்று கேள்வி ஓடும். வில்லுப்பாட்டு எத்தனை மணிக்கு? பந்தலுக்கு முன்பணம் கொடுத்தாச்சா? சமையலுக்கு அரிசி யார் எடுக்கிறது? நடுவில் ஒருவர், ‘நான் பார்த்துக்கிடுதேன்’ என்று போடுவார். எதைப் பார்த்துக்கொள்வார்? பந்தல்காரர் தன் பணம் என்று நினைப்பார், அரிசி எடுக்க வேண்டியவர் நம் வேலை தீர்ந்தது என்று நினைப்பார். கொடை அன்றைக்குக் காலையில் அரிசி இருக்காது. எந்தக் கேள்விக்குப் பதிலோ அந்தச் செய்தியைத் தொட்டு வலது பக்கமாக இழுங்கள். அது உங்கள் பதிலுக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எழுதுங்கள். இராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பார்க்கிறவருக்கும் விளங்கும்.

துஷ்டிச் செய்திக்கும் இதே கதைதான். ‘இன்னார் காலமானார், மாலை 4 மணிக்கு அடக்கம்’ என்று ஒரு செய்தி. அதற்குக் கீழே ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுபது, எண்பது வரிசையாக விழும். மதியம் பார்க்கிறவர் எண்பதையும் தள்ளி மேலே போய் நேரத்தைத் தேட வேண்டும். தேடாமல் விட்டு, நேரம் தெரியாமல், போக முடியாமல் போனவர்கள் உண்டு. அந்த முதல் செய்தியை அழுத்திப் பிடித்தால் கைகூப்புகிற குறி வரும். அதை வைத்தால் செய்தி எண்ணிக்கை கூடாது, அறிவிப்பும் எழுதினவருக்கு மட்டும்தான் போகும். மனசு கேட்கவில்லையா, துஷ்டி வீட்டாருக்குத் தனியாக எழுதுங்கள், இன்னும் நல்லது நேரில் போய் நில்லுங்கள். அட்மின் அந்தச் செய்தியை மேலே குத்தி வைக்கலாம். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்று அளவு இருக்கிறது.

குரல்பதிவு. எழுத வராதவர்களுக்கு அது பெரிய வரம், அவர்கள் தாராளமாகப் பேசட்டும். எழுதத் தெரிந்தவர் நாலு நிமிடம் பேசி அனுப்புவதுதான் சரியில்லை. 150 பேர் குழுவில் நாலு நிமிடம் என்றால் 600 நிமிடம், ஊராருடைய பத்து மணி நேரம். பஸ்ஸில் இருப்பவர் கேட்கவும் முடியாது. பேசியே ஆக வேண்டும் என்றால் ‘கூட்டம் ஞாயிறு 10 மணிக்கு, விவரம் குரலில்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள்.

நம்ம ஊர்ப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஏ லே’, ‘என்ன வே’ என்பது நேரில் எவ்வளவு பிரியமான அழைப்பு! குரலும் முகமும் சேர்ந்து அதற்கு இனிப்பு ஏற்றுகிறது. எழுத்தில் குரல் இல்லை. ‘என்ன வே, கணக்கு எங்க?’ என்று கொடைக் குழுவில் எழுதினால், அதே குழுவில் அவருடைய மாமனார் இருக்கிறார், மச்சினன் இருக்கிறான், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகளும் இருக்கிறாள். அத்தனை பேர் முன்னால் அது மரியாதைக் குறைவாகத்தான் விழும். ‘அண்ணாச்சி, கணக்கு எப்ப கிடைக்கும்?’ என்றால் கேள்வியும் அதுதான், பதிலும் வரும்.

சண்டை மூட்டுகிறவருக்கு என்ன செய்வது? எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும். அவருக்குத் தீனி நம்ம பதில்தான். பத்துப் பேர் கண்டித்து எழுதினால் பத்து விறகு. ஒருவர் மட்டும், அவர் மதிக்கிற ஒருவர், தனியாகப் போனில் பேசட்டும். குழுவில் மற்றவர்கள் வேலைச் செய்தியைத் தொடரட்டும். கோபத்தில் நீங்களே எழுதிவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாள் வரைக்கும் எல்லாரிடமிருந்தும் அழிக்கலாம். ஆனால் அதற்குள் யாராவது படம் எடுத்து வைத்திருப்பார்கள். சாதிப் பெருமை பேசி இன்னொரு சாதியைச் சீண்டுகிற வீடியோ வந்தால் மட்டும் விவாதமே வேண்டாம். அட்மின் அந்த நிமிடமே அதை அழுத்திப் பிடித்து எல்லாருக்கும் அழித்துவிட வேண்டும், அனுப்பினவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் இதில் இழந்தது போதும்.

அட்மின்களுக்கு என்று தனியாக நிறைய வைத்திருந்தேன், நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அதனால் சுருக்கமாக. ‘எனக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன்’ என்பது பதிலாகாது. பகிர்ந்தவரும் பொறுப்பு என்று 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உறுப்பினர் போட்டதற்கு, அட்மின் என்கிற ஒரே காரணத்துக்காக அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. கொடை வரி கட்டாதவர்கள் பட்டியலைக் குழுவில் போடாதீர்கள். கட்டினவர்கள் பட்டியலைப் போடுங்கள், மீதிப் பேரிடம் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். தேதி முடிவு செய்ய ஐம்பது பேரையும் எழுதச் சொல்லாமல் வாக்கெடுப்பு வையுங்கள், எத்தனை மணியோடு முடிகிறது என்பதையும் எழுதுங்கள். ஒரு குழுவுக்கு இரண்டு அட்மின் வேண்டும், அதில் ஒருவராவது ஊரில் இருக்கிறவராக இருக்கட்டும்.

வணக்கம்.