தூங்கிப்போன இடத்துக்கு ஏது நினைவு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கூடியிருக்கிற எங்கள் ஊர் மக்களே, வணக்கம்.

பாட்டின் சுகம் முதல் தடவை கேட்பதிலா, பல வருஷம் கழித்துக் கேட்பதிலா? பல வருஷம் கழித்துக் கேட்பதில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தங்கச்சி, "பழைய பாட்டு இனிக்கவில்லை, பழைய வயசுதான் இனிக்கிறது, பாட்டு வெறும் சாக்கு" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

'என் இனிய பொன் நிலாவே' உங்கள் எல்லாருக்கும் தெரியும். 1980இல் வந்த 'மூடுபனி' படப் பாட்டு. இளையராஜாவுக்கு அது 100ஆவது படம். 1976இல் 'அன்னக்கிளி' வந்து நாலே வருஷத்தில் நூறு! அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது ஒரு கல்யாண வீட்டில், தென்னையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில். குழாய்க்கு ஒரு குணம் உண்டு. குரலை மூணு தெருத் தாண்டிக் கொண்டுபோகும், ஆனால் கனத்த கீழ்ச்சத்தத்தை விழுங்கிவிடும். அந்த அளவுக் குழாயில் அது எழும்பாது. ஆக எனக்குக் கிடைத்தது யேசுதாஸின் குரலும், கிட்டாரின் மேல்சத்தமும்தான். அப்புறம் மார்த்தாண்டம் பஸ்ஸில் பலமுறை கேட்டேன். மிச்சத்தை என்ஜின் தின்றது. இருந்தாலும் அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

போன ஆனிச் சாரலில், மகள் சென்னையிலிருந்து கொண்டுவந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். கிட்டார் ஆரம்பித்தது, சரி, தெரிந்ததுதான். குரல் வந்தது. அதற்குக் கீழே யாரோ நடந்து போகிற மாதிரி இன்னொரு சத்தம்! பேஸ் கிட்டார், குழாய் விழுங்கின அந்தக் கீழ்ச்சத்தம். குரல் ஒரு வழியில் போகிறது, அது தன்பாட்டுக்கு வேறு வழியில் சுற்றிப் போய், வரி முடிகிற இடத்தில் வந்து சேர்ந்துகொள்கிறது. குரலை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே போய் நாலு தடவை கேட்டேன். அந்தக் கல்யாண வீடு ஞாபகத்துக்கே வரவில்லை, நடுவர் அவர்களே. எனக்குள் இருந்த எதுவும் அன்றைக்கு இனிக்கவில்லை. பாட்டுக்குள் இருந்தது இனித்தது.

இது கருவி விஷயம், மனுஷ விஷயத்துக்கு வா என்பார்கள். வருகிறேன்.

இதே பந்தலில், சின்ன வயசில், ஆச்சி மடியில் படுத்து வில்லுப்பாட்டு கேட்டவன் நான். கேட்டேன் என்று சொல்வது பெரிய வார்த்தை. வில்லில் கட்டிய மணி குலுங்குவதும், குடத்தின் வாயில் அடிக்கிற அந்தக் 'கும்'மும்தான் தெரியும். முத்துப்பட்டன் கதை பாதி வருவதற்குள் தூங்கிவிடுவேன். ஒவ்வொரு கொடைக்கும் அப்படித்தான். பட்டன் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்கிற வரைதான் எனக்குக் கதை.

எங்கள் அத்தான், அக்கா வீட்டுக்காரர், தவறிப்போன அடுத்த வருஷக் கொடைக்கு அக்காவும் வந்திருந்தாள். யாரும் தூங்கவில்லை. மாடு களவாட வந்தவர்களோடு சண்டை போட்டுப் பட்டன் விழுகிறான். அக்காவும் தங்கச்சியுமான பொம்மக்காவும் திம்மக்காவும் அவனைத் தேடிப் போய் அழுகிற இடம் வந்தது. புலவர் குரலைத் தணித்தார், வில்லை அடிக்கிற வீசுகோலை நிறுத்தினார். உடுக்கு மட்டும் மெதுவாக. அக்கா பாய் ஓரத்துக் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஐம்பதை நெருங்குகிற வயசு. தொண்டை அடைத்துவிட்டது.

தங்கச்சி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பழைய நினைவுதான் இனிக்கிறது என்றீர்களே, நான் தூங்கிப்போன இடத்துக்கு எனக்கு ஏது நினைவு? அந்த அழுகை ஒவ்வொரு கொடையிலும் என் தலைமாட்டில்தான் பாடப்பட்டது. ஒருத்தரை மண்ணுக்குக் கொடுத்த பிறகுதான் அது என் காதுக்குள் வந்தது. ஆறு வயசுப் பிள்ளையிடம் அந்தப் பாட்டை எவ்வளவு உரக்கப் பாடினாலும் ஏறாது. முதல் தடவையில் குறை சொல்லவில்லை, அந்த மணிச்சத்தம் இல்லையென்றால் நான் திரும்பி வந்திருக்கவே மாட்டேன். ஆனால் பாட்டு எனக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான்.

விடிந்தது. புலவர் வில்லிலிருந்து மணிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் போய், "அண்ணாச்சி, அந்த இடத்த இன்னொருக்கா பாடுவியளா?" என்று கேட்டாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. குடத்தை மடியில் எடுத்து வைத்து, வெறும் கையால் தட்டிக்கொண்டு, அவளுக்காக மட்டும் நாலு அடி பாடினார்.