கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும் நடுவர்

வணக்கம் நேயர்களே. பாடசாலைப் பிள்ளைகளின் குறும்படப் போட்டிகளுக்கு நடுவராகப் போய்வருகிறவன் நான். போன முறை முடிவு அறிவித்தபின் ஒரு பிள்ளை வாசலில் மறித்துக் கேட்டாள்: "எதைப் பார்த்து சேர் புள்ளி போடுறீங்கள்?"

நடுவர்களுக்குத் தரும் தாளில் கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு என்று கட்டங்கள் இருக்கும். அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரே அளவு புள்ளி. எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் கண்ட படங்களில் பாதி, ஒலியில்தான் விழுந்தன. அதனால் முதல் தரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையின் நிலாவெளிக் கரையில் எடுத்த படம் என்றால் உடனே பிடிபட்டுவிடும். பேச்சு அள்ளுண்டு போயிருக்கும். தூரத்தில் நிற்கும் போனின் மைக்கை நம்பினால் அப்படித்தான். இன்னொரு போனை நடிப்பவரின் சட்டைப் பைக்குள் வைத்துப் பேச்சைத் தனியாகப் பதியலாம். தொடக்கத்தில் ஒருமுறை கையைத் தட்டிவிட்டால், எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்துவது சுலபம்.

அப்புறம் ட்ரோன். திருகோணமலையில் கடலோரம் நிற்கும் சுவாமிமலையையும் அதன் மேலுள்ள கோணேசர் கோவிலையும் எந்தப் பக்கத்தால் எடுத்தாலும் அழகுதான். அந்தப் புள்ளி மலைக்குச் சேர வேண்டியது.

ஒரு படம் இன்னும் நினைவில் நிற்கிறது. தகப்பன் கரைவலை இழுக்கிறார். பரீட்சையில் தவறிய மகன் பக்கத்தில் வந்து நிற்கிறான். கமரா தகப்பனின் கையை விட்டு நகரவில்லை. கயிறு வழுக்குகிறது, வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டு கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு சோடிக் கை, சின்னக் கை, அதே கயிற்றைப் பிடிக்கிறது. வசனமும் இல்லை, சோகத்துக்கு இரவல் வாங்கிய சினிமாப் பாட்டும் இல்லை. வீட்டுக்குள் எடுத்த காட்சியில் டியூப்லைட் வெளிச்சம் கோடு கோடாக ஓடியது உண்மைதான். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமராவின் ஷட்டர் வேகத்தை வினாடியில் 50இல் ஒரு பங்குக்கு வைத்திருந்தால் சரியாகியிருக்கும். அதற்கு 2 புள்ளி குறைத்தேன். ஆனாலும் முதலிடத்துக்கு அந்தப் படத்தையே சொன்னேன்.

சரி, வாசலில் நின்ற பிள்ளைக்கு வருவோம். அவளுடைய படத்தில் தாய் கடலைப் பார்த்தபடி ஏதோ சொல்கிறாள், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. ஒலிக்குப் பத்துக்கு 3 போட்டிருந்தேன். "மகனுக்குக் கேட்கல்ல சேர். அதான் எங்களுக்கும் கேட்கல்ல," என்றாள்.

வீட்டுக்குப் போய்த் திரும்பவும் பார்த்தேன், இந்தமுறை கண்ணைத் திறந்துகொண்டு. மகன் பின்னால்தான் நிற்கிறான். காதருகே கையை வைத்திருக்கிறான். புள்ளித்தாளை அன்று மாலையே ஒப்படைத்தாயிற்று.