பழைய பாய்மரப் படகு வாங்கப் போகிறீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். குடும்பத்தோடு கடலில் போய்வர ஒரு பாய்மரப் படகு, அதுவும் பழையது, வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். வயதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒழுங்காகக் கட்டிய ஃபைபர் கிளாஸ் படகுக்கு 40, 50 வருடம் ஒரு பெரிய வயதே அல்ல. 1960களிலும் 70களிலும் கட்டியவை இன்றும் கடலில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ஒரு பழைய படகில் நம் கண்ணில் முதலில் படுகிற எதைச் சரிசெய்யவும் பெரிதாகச் செலவாகாது: மெத்தை உறை, திரைச்சீலை, வார்னிஷ், விளக்கு, இப்படி. பணத்தை விழுங்குகிறவை எல்லாம் மூடியபடி கிடக்கும். விற்கிறவருக்கு இது நன்றாகவே தெரியும், அதனால்தான் விளம்பரப் படங்களில் மெத்தை வந்து விழுகிறது, இன்ஜினின் பின்பக்கம் வருவதே இல்லை.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கினால் ஒரு வியாதி தொற்றிக்கொள்ளும். 30 அடியில் தேட ஆரம்பித்தவர் கொஞ்ச நாளில் 36க்கு வந்திருப்பார், அப்புறம் 40. விலை ஒன்றும் அவ்வளவு கூடவில்லையே என்று தோன்றும். ஆனால் படகு நீளத்தில் மட்டும் வளர்வதில்லையே, அகலமும் ஆழமும் சேர்ந்துதானே வளர்கின்றன. ஒரே சாயலில் கட்டிய 30 அடிப் படகையும் 40 அடிப் படகையும் எடைபோட்டால் பெரியது கிட்டத்தட்ட 2.4 மடங்கு கனக்கும். அதற்கேற்ற பாய், கயிறு, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச், நங்கூரம் எல்லாம் வேண்டும், துறையில் கட்டிவைக்க அடிக்கணக்கில் வாடகை வேறு. இன்னொன்று, ஒரு குடும்பப் படகில் பெரியவர்கள் இரண்டு பேர் என்றால் அதில் ஒருவர் எப்போதும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஆக ஓட்டுவது ஒரே ஆள்தான். திடீரென்று காற்று ஏறும்போது அந்த ஒரு ஆளால் பாயைக் குறைக்க முடியுமா? அதை வைத்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 30லிருந்து 36 அடி தாராளம் என்பது என் கட்சி.

சின்னப் படகு ஆபத்தில்லையா என்பார்கள். 1979 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி அயர்லாந்தின் தென்கோடியில் இருக்கும் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வருகிற பந்தயம் புயலில் மாட்டிக்கொண்டது. 303 படகுகள் கிளம்பின, போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்று, அது கான்டெசா 32 வகையைச் சேர்ந்த 32 அடிப் படகு. 24 படகுகளை ஆட்கள் கைவிட்டு இறங்கினார்கள், அவற்றில் மூழ்கியவை ஐந்துதான், மற்றதெல்லாம் பிறகு மிதந்தபடியே கிடைத்தன. நீளத்தைவிடக் கட்டுமானம் எப்படி என்பதே முக்கியம் என்பதற்காகச் சொன்னேன். ஐரோப்பாவில் 1998லிருந்து புதுப் படகுகளுக்கு ஏ, பி, சி, டி என்று வகை பிரித்து முத்திரை போடுகிறார்கள். ஏ என்றால் பெருங்கடல், சி என்றால் காற்று, அதன் வேகத்தை அளக்கும் பியூஃபோர்ட் அளவுகோலில் ஆறாம் எண் வரை, அலை 2 மீட்டர் வரை. அதைப் பாருங்கள், ஆனால் அது படகு பிறந்த அன்று எழுதிய ஜாதகம், அதற்கப்புறம் எத்தனை முறை தரை தட்டியது என்பது அதில் இருக்காது.

உள்ளே இறங்கியதும் எல்லோரும் படுக்கையை எண்ணுவார்கள். எட்டுப் பேர் படுக்கலாம் என்று புரோக்கர் சொல்வது துறையில் கட்டிக் கிடக்கும்போது. கடலில் ஓடும்போது முன்முனையில் இருக்கிற அந்த அழகான முக்கோணப் படுக்கை ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். நடுப்பகுதியில், தாழ்வாக, குறுகலாக, விழாமலிருக்கப் பக்கத்தில் துணித் தடுப்பு கட்டக்கூடிய படுக்கைகள் எத்தனை? அதுதான் உண்மையான எண்ணிக்கை. அடுப்பு படகோடு சேர்ந்து சாயாமல் நிமிர்ந்து நிற்கும்படி தொங்கவிட்டிருக்கிறதா, நடக்கும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா, அது ஒரு குழந்தைக்கு எட்டுமா, இதையெல்லாம் பாருங்கள். வீட்டில் யாருக்காவது இந்த யோசனையே பிடிக்கவில்லை என்றால் வாங்குவதற்கு முன்னால் இதே அளவுப் படகை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் போய்வாருங்கள். படகு வாங்கிய பிறகு சம்மதம் வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

சரி, மறைந்திருக்கிற விஷயங்களுக்கு வருவோம். என் அனுபவத்தில் ஆட்கள் அதிகம் ஏமாறுவது மேல்தளத்தில், அதாவது டெக்கில். பெரும்பாலான படகுகளில் டெக் ஒரே கட்டியான ஃபைபர் கிளாஸ் கிடையாது. மேலும் கீழும் மெல்லிய ஃபைபர் கிளாஸ், நடுவில் பால்சா என்ற மிக லேசான மரம். எடை குறைவு, விறைப்பு அதிகம், நல்ல ஏற்பாடுதான், நடுவில் தண்ணீர் போகாத வரைக்கும். ஆனால் கைப்பிடிக் கம்பிகளின் அடிப்பகுதி, கயிறு கட்டும் கிளீட், ஜன்னல் சட்டம் என்று டெக் முழுக்கத் துளை போட்டு போல்ட் முடுக்கியிருக்கிறார்கள். அந்தத் துளைகளில் பூசிய பசை பத்துப் பதினைந்து வருடத்தில் காய்ந்து போகும், குழந்தைகள் கம்பியைப் பிடித்து ஆட்ட ஆட்ட இடுக்கு விரியும், மழைத் தண்ணீர் துளித்துளியாக உள்ளே இறங்கி அந்த மரத்தை ஊறவைத்துக் கூழாக்கிவிடும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஒன்றும் தெரியாது.

மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே வேலைதான் இங்கேயும். ஒரு பிளாஸ்டிக் சுத்தியலோ ஸ்க்ரூ டிரைவரின் பிடியோ போதும். முட்டிபோட்டு உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் டக் டக் என்று கூர்மையாகக் கேட்கும், ஊறிப்போன இடத்தில் தொப்பென்று அமுங்கிய சத்தம் வரும், அந்த வித்தியாசத்துக்கு நிபுணர் வேண்டாம், காது போதும். கம்பிகளின் அடியைச் சுற்றித் தட்ட மறக்காதீர்கள். அப்புறம் கேபினுக்குள் போய் அதே இடத்துக்கு நேர் கீழே ஒரு டார்ச்சை அடித்துப் பாருங்கள், போல்ட்டிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் வருகிறது. தேக்குப் பலகை பதித்த டெக் என்றால் இன்னும் கவனம்: கண்ணுக்கு அத்தனை அழகு, ஆனால் பழைய முறையில் அந்தப் பலகைகளை ஆணி முடுக்கித்தான் பதித்தார்கள், ஒவ்வொரு ஆணியும் டெக்கில் ஒரு துளை.

பாய்மரத்தைத் தாங்கும் ஸ்டீல் கம்பிகளுக்குப் பத்திலிருந்து பதினைந்து வருடம் ஆயுள் என்று பல காப்பீட்டு நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள், ரசீதையும் கேளுங்கள். அந்தக் கம்பிகள் வந்து மாட்டுகிற தகடு டெக்கைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காற்றுப்படாத ஈரத்தில்தான் அரிக்கும், ஆக அந்தத் தகடு கெட்டுப்போவது டெக்கின் கனத்துக்குள், நாம் பார்க்க முடியாத அந்த ஒன்றிரண்டு அங்குலத்தில். பாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தையலை நகத்தால் கீறிப் பாருங்கள், நூல் வந்துவிட்டால் வெயில் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

கீல், அதாவது படகைக் கவிழாமல் நிறுத்துகிற அந்த அடிக் கனம், இது வேறு மாதிரியான விஷயம், இதில் சமாதானமே கூடாது. 2014 மே மாதம் சீக்கி ரஃபிக்கி என்ற 40 அடிப் படகு கரீபியனிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில் அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது. படகில் இருந்த நாலு பேரும் இறந்தார்கள். அந்தப் படகு முன்பு தரை தட்டியதும் அதற்குச் செய்த பழுதுவேலையும் சேர்ந்து கீல் பொருந்தும் இடத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொல்லியது. ஆகவே விற்கிறவரிடம் நேராகக் கேளுங்கள், படகு எப்போதாவது தரை தட்டியதா என்று. "லேசாக ஒருமுறை" என்று பதில் வரும். படகைக் கரையேற்றியதும் கீலின் முன்பக்கம் உடம்போடு சேரும் கோட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு உள்ளே தரைப்பலகையைத் தூக்கி, கீல் போல்ட்டுகளையும் அதன் பின்னால் குறுக்கே ஓடும் சட்டங்களையும் பாருங்கள். அங்கே முடிபோல ஒரு வெடிப்பு, அல்லது ஒரு இடத்தில் மட்டும் புதுசாகப் பெயின்ட். புதுப் பெயின்ட் என்னை வெடிப்பைவிட அதிகம் பயமுறுத்தும்.

இதற்கு நேர்மாறாக, எல்லோரும் அலறுகிற ஆஸ்மாசிஸ், அதாவது நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடம்பில் கொப்புளம் கொப்புளமாக வருவது, அதற்கு நான் அவ்வளவு பயப்படுவதில்லை. குத்தினால் புளித்த நெடியோடு நீர் வரும், பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் அதனால் மூழ்கிய படகு என்று ஒன்றைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். விலை பேச நல்ல காரணம், எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினுக்கு வருவோம். சில படகுகளில் இன்ஜினை மாற்றும் செலவே படகு விலையில் பாதிக்கு வந்து நிற்கும். ஒரு படகைப் பார்க்கப் போயிருந்தேன், புது மெத்தை, மேசையில் பூ, ஒரே வாசனை. இன்ஜின் மூடியைத் தூக்கி பிளாக்கில் கையை வைத்தால் சுடுகிறது. நாங்கள் வருவதற்கு முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் நமக்கு வேண்டும், ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் வருகிறவரை தொடாதீர்கள் என்று. கிளம்பியதும் பின்புறம் போய் எக்ஸாஸ்டைப் பாருங்கள், புகையோடு தண்ணீரும் விட்டுவிட்டுக் கொட்ட வேண்டும். முதல் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்தால் பரவாயில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் இன்ஜின் திணறுகிறது, ஒருவேளை புரொப்பெல்லரில் சிப்பி ஒட்டியிருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம். அப்புறம் கடலுக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் ஒரு பத்து நிமிடமாவது ஓட்டச் சொல்லுங்கள், சூட்டு முள் ஏறினால் அங்கேயே தெரிந்துவிடும். இருபது வருடப் படகில் முந்நூறு மணி நேரம்தான் ஓடியிருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே தேங்கி இருபது வருடம் சும்மா கிடந்த இன்ஜின் அது, அடிக்கடி ஓட்டி ஆயில் மாற்றியதே மேல். செயில்டிரைவ், அதாவது புரொப்பெல்லரைச் சுழற்றும் கால் படகின் அடியைத் துளைத்து நேராகக் கீழே இறங்குகிற அமைப்பு, உள்ள படகு என்றால் அடியில் ஒரு பெரிய ரப்பர் வளையம் கடலைத் தடுத்துக்கொண்டிருக்கும், அதை வால்வோ பென்டா 7 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. மாற்றப் பாதி இன்ஜினைக் கழற்ற வேண்டியிருப்பதால் பலர் மாற்றுவதில்லை.

படகின் உடம்பில் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு வால்வையும் நீங்களே கையால் திருப்பிப் பாருங்கள். மட்டமான பித்தளை வால்வு கடல்நீரில் துத்தநாகத்தை இழந்து இளஞ்சிவப்பாக மாறும், அந்த நிறம் தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும், ஆகவே சிலிண்டர் வெளிப்பக்கம் வடிகால் உள்ள பெட்டியில்தான் இருக்க வேண்டும். கழிவறைக் குழாயை வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றித் துடைத்து, துணியை முகர்ந்து பாருங்கள், நாறினால் குழாய் ஊறிவிட்டது, வாசனைத் திரவியம் அடித்துப் பிரயோஜனமில்லை.

இவ்வளவையும் நீங்கள் பார்ப்பது, சர்வேயருக்கு, அதாவது படகைச் சோதித்து அறிக்கை தரும் நிபுணருக்கு, பணம் கொடுக்க இந்தப் படகு லாயக்கா என்று முடிவு செய்யத்தான். சர்வேயர் உங்கள் ஆளாக இருக்க வேண்டும், புரோக்கர் கைகாட்டுகிறவர் வேண்டாம். விலை பேசி முன்பணம் கொடுக்கும்போதே, சர்வேயும் கடல் ஓட்டமும் திருப்தியாக இருந்தால்தான் வாங்குவேன், இல்லாவிட்டால் பணம் திரும்ப வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காகிதத்தில் ஒரு ஆபத்து உண்டு. படகின் மேல் இருக்கிற சில கடன்கள் ஆள் மாறினாலும் படகோடு கூடவே வரும், பழைய சொந்தக்காரர் கப்பல்துறைக்கோ பழுதுபார்த்தவருக்கோ வைத்த பாக்கிக்காக உங்கள் படகைப் பிடித்து நிறுத்தலாம். பதிவுச் சான்று, முந்தைய விற்பனைப் பத்திரங்கள், படகின் பின்புறம் பொறித்திருக்கும் அடையாள எண், மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள், பழைய படகை எடுக்கவே மாட்டோம் என்று சொல்கிறவர்களும் உண்டு. வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு வருடா வருடம் செலவாகும் என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு, முதல் வருடம் அதற்கும் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து பணமும் கைமாறுகிற நேரத்தில் கடைசியாக ஒன்று கேளுங்கள். பழைய சொந்தக்காரர் ஒரு நாள் முழுக்க உங்கள் குடும்பத்தோடு அந்தப் படகில் இருக்க வேண்டும். எந்த வால்வு எங்கே இருக்கிறது, எந்தச் சுவிட்ச் எதற்கு, எந்தக் கயிறு சிக்கும், பம்ப் மக்கர் செய்தால் எங்கே தட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அவர் சொல்லச் சொல்ல நீங்கள் ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள், குழந்தைகளை விட்டு ஒவ்வொரு வால்விலும் பெயரெழுதி ஒட்டச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகவே வருவார்கள். நன்றி, வணக்கம்.