பையை எடுத்தாயா?

வணக்கம். அமெரிக்கர்கள் வான்கோழி சமைத்துக் குடும்பத்தோடு கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை பற்றிப் பேச வேண்டும், அதிலும் சமையலிலும் பயணத்திலும் நீங்கள் பட்டதை மட்டும் சொன்னால் போதும் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். பண்டிகையின் பெருமையைச் சொல்ல ஆயிரம் பேர் கிடைப்பார்கள், சொதப்பியதைச் சொல்ல ஆள் தேடும்போது என் நினைவு வந்திருக்கிறது. சந்தோஷம்.

நான் ஒஹாயோவில், கொலம்பஸ் நகரத்துக்கு வந்த முதல் வருடம். நாங்கள் நான்கு பேர், ஒரே அபார்ட்மென்ட், நால்வருக்கும் சேர்த்துத் தெரிந்த சமையல் எலுமிச்சை சாதம், முட்டைப் பொரியல், ஒரு மாதிரியான சாம்பார். இந்தத் தகுதியோடு பண்டிகை நாளான நவம்பர் மாத நான்காம் வியாழனன்று முழு வான்கோழி சமைப்பது என்று முடிவு செய்தோம். கீழ்வீட்டில் தனியாக இருந்த அமெரிக்கப் பாட்டியையும் சாப்பிடக் கூப்பிட்டாயிற்று. இனிப் பின்வாங்க முடியாது.

புதன்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய் 18 பவுண்டு, அதாவது எட்டு கிலோவுக்கும் மேலான ஒரு வான்கோழியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தால், டொக் என்று சத்தம். கல். உள்ளே வரை ஐஸ். உறையில் அச்சடித்திருந்ததை அப்போதுதான் படித்தோம். ஃபிரிட்ஜில் வைத்து இளகவிட்டால் நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்று கணக்காம். எங்கள் பறவைக்கு நான்கு நாள் வேண்டும், எங்களிடம் இருந்ததோ ஒரு ராத்திரி.

வெந்நீர் ஊற்றலாம் என்றான் ஒருவன். கூடாது. வெளிச்சதை வெதுவெதுப்பாகிக் கிருமி வளரும், உள்ளே பனிக்கட்டி அப்படியே இருக்கும். அவசரத்துக்கு உள்ள வழி குளிர்ந்த தண்ணீர்தான்: பவுண்டுக்கு அரை மணி நேரம், ஒவ்வொரு அரை மணிக்கும் தண்ணீரை மாற்ற வேண்டும். பதினெட்டு பவுண்டுக்கு ஒன்பது மணி நேரம். சமையலறைத் தொட்டியில் அது அடங்கவில்லை, அதனால் குளியல் தொட்டியைத் தேய்த்துக் கழுவி அதில் இறக்கினோம். இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை நான்கு பேரும் ஷிப்ட் போட்டு, அலாரம் வைத்து எழுந்து, தண்ணீர் மாற்றியிருக்கிறோம். ஊரில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள்கூட அவ்வளவு முறை எழுந்திருக்க மாட்டார்கள்.

காலையில் உப்பு, மிளகு, வெண்ணெய் தடவி ஓவனில் வைத்தோம். நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று, மேல்தோல் நல்ல பொன்னிறம், வீடெல்லாம் வாசனை. பாட்டி வந்தார், கத்தியை அவரே வாங்கி அறுத்தார், வயிற்றுக்குள் கரண்டியை விட்டவர் அப்படியே நின்றார். உள்ளேயிருந்து வெந்து சுருண்ட காகிதப் பை ஒன்று வந்தது. கழுத்து, ஈரல், இரைப்பை எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி வயிற்றுக்குள்ளேயே திணித்து விற்பார்கள், சமைக்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும். நமக்கு எப்படித் தெரியும்? நம் ஊர்க் கறிக்கடையில் கண்ணெதிரே வெட்டி ஈரலைத் தனியாகக் கையில் கொடுப்பார்கள். நல்லவேளை, காகிதப் பை. பிளாஸ்டிக்காக இருந்து உருகியிருந்தால் மொத்தத்தையும் குப்பையில் போட்டிருக்க வேண்டும். பாட்டி கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, கல்யாணமான முதல் வருடம் நானும் இதையேதான் செய்தேன் என்றார்.

அப்புறம்தான் தெரிந்தது, இந்த ஊர்க்காரர்களே வருடத்துக்கு ஒரு முறைதான் இவ்வளவு பெரிய பறவையைத் தொடுகிறார்கள் என்று. போன வருடம் கற்றது இந்த வருடம் மறந்துபோகும். வான்கோழி விற்கும் பட்டர்பால் நிறுவனம் இதற்கென்றே 1981இல் ஒரு தொலைபேசி உதவி எண் தொடங்கியது. ஆறு பேர் உட்கார்ந்தார்களாம், அந்த முதல் பருவத்திலேயே 11,000 அழைப்புகள். இன்றும் ஓடுகிறது.

சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. முழு வான்கோழியை அண்டா நிறைய எண்ணெயில் பொரிப்பது. வடை தட்டும்போது கையில் இரண்டு சொட்டு ஈரம் இருந்தால் எண்ணெய் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் நீராவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது. சரியாக இளகாத பறவையை இறக்கினால் எண்ணெய் பொங்கி அடுப்பில் வழியும், பிறகு தீதான். அமெரிக்காவில் வீட்டுச் சமையல் தீ விபத்துகள் வருடத்திலேயே அதிகம் நடப்பது தேங்க்ஸ்கிவிங் அன்றுதான். கராஜுக்குள் அடுப்பை வைத்துப் பொரிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பயணத்துக்கு வருவோம். பொங்கலுக்கு முந்தைய நாள் சென்னையை விட்டுக் கிளம்பியவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அதையே ஒரு கண்டம் முழுக்க விரித்துப் பாருங்கள். புதனன்று எல்லோரும் போவார்கள், ஞாயிறன்று எல்லோரும் திரும்புவார்கள். 2024இல் அந்த ஒரு ஞாயிறன்று மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளைக் கடந்தவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். ஒரு வருடம் நாங்கள் கொலம்பஸிலிருந்து நியூ ஜெர்சிக்குக் காரில் கிளம்பினோம், எட்டு மணி நேரப் பாதை, பென்சில்வேனியா மலைப்பகுதியில் பனி பிடித்துக்கொண்டதில் பதினான்கு மணி நேரம் ஆனது. மகள் மடியில் வைத்திருந்த இனிப்பு, போய்ச் சேர்ந்தபோது அவள் வயிற்றில் இருந்தது.

அடுத்த வருடம் புத்திசாலித்தனமாக விமானம். அட்லாண்டாவில் மைத்துனர் வீடு. இங்கே நவம்பரில் கிரான்பெர்ரிப் பழம் மலிவாகக் கிடைக்கும், நல்ல புளிப்பு, அதில் நம் வீட்டுப் பெண்மணிகள் தொக்கு போடுவார்கள், மாங்காய்த் தொக்கே தோற்கும். என் மனைவி ஒரு பெரிய பாட்டில் நிறையப் போட்டுக் கைப்பையில் வைத்துவிட்டார். சோதனையில் நிறுத்தினார்கள். இது திரவம் இல்லை, கெட்டி என்று மனைவி வாதாடினார். அதிகாரி பொறுமையாக, கொட்டினால் கொட்டுமா, தடவினால் பரவுமா, பரவும் என்றால் 100 மில்லிக்கு மேல் கையில் கொண்டுபோக முடியாது என்றார். கிரேவிக்கும் அதே சட்டம்தான். ஆனால் பூசணிப் பையை விட்டுவிடுவார்கள். நம் பை இல்லை, சாப்பிடுகிற பை, மாவுக்குள் பூசணி வைத்துச் சுடுகிற இனிப்பு. மனைவி எதுவும் பேசாமல் கைப்பையிலிருந்து ஸ்பூனை எடுத்து, அங்கேயே நின்று நாலு வாய் தொக்கைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அட்லாண்டா வரை என்னோடும் பேசவில்லை. பெட்டியில் போட்டு ஏற்றியிருக்கலாமே என்று நான் சொன்னது தப்பு.

அந்தப் பாட்டி பிறகு ஃப்ளோரிடாவில் இருக்கும் தன் மகளிடம் போய்விட்டார். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் புதன்கிழமை ராத்திரி ஃபோன் வரும். ஹலோகூடக் கிடையாது, பையை எடுத்தாயா என்று மட்டும் கேட்பார். போன வருடம் எங்கள் வீட்டில் மட்டன் பிரியாணி. எடுத்துவிட்டேன் பாட்டி என்றேன்.