சின்னம் ஒருவருடையது, பாகம் இன்னொருவருடையது

வணக்கம். கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். விலை உயர்ந்த கார் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இவ்வளவு பணம் கொடுத்தும் ஏன் அடிக்கடி மெக்கானிக்கிடம் போக வேண்டியிருக்கிறது?" பாகங்களை வெளியே வாங்குவதால்தான் என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள்.

அது பாதி உண்மை. பி.எம்.டபிள்யூ, ஜாகுவார் கார்களில் வந்த 8 வேக ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியைச் செய்தது இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனம். அருமையான பெட்டி. 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்த, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் பாஷ் நிறுவனத்துடையது. வெளியே செய்ததில் குறையே இல்லை. எந்த விலைக்குச் செய்யச் சொல்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நாங்கள் ஒரு பெரிய பிராண்டுக்குச் சின்ன இணைப்பு ஒன்று செய்தோம். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயில் வருவது, விரல் நீளம்கூட இருக்காது. முதலில் அலுமினியம். ஒவ்வொரு வருடமும் கொள்முதல் அதிகாரிகள் வருவார்கள், "போன வருடத்தைவிடக் குறையுங்கள்" என்பார்கள். முதல் வருடம் கழிவைக் குறைத்தோம். அடுத்த வருடம் இயந்திரத்தை வேகப்படுத்தினோம். அப்புறம் குறைக்க மிச்சமிருந்தது பொருள் மட்டும்தான். பிளாஸ்டிக்குக்கு மாறினோம். சோதனையில் தேறியது. மறுபடி சொல்கிறேன், சோதனையில் தேறியது! ஆனால் ஆறேழு வருடம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, திரும்பி வந்த துண்டு நகத்தால் அழுத்தினாலே பொடிந்தது. அதற்குள் வாரண்டி முடிந்திருந்தது. அந்தத் துண்டை இன்றுவரை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

இது எங்கள் தொழிற்சாலையில் மட்டும் நடந்ததில்லை. ஜெனரல் மோட்டார்ஸில் கொள்முதல் தலைவராக இருந்து, 1993-இல் ஃபோக்ஸ்வாகனுக்குப் போன லோபெஸ் என்பவர், பாகம் தருபவர்களை விலையில் நெருக்கியதற்குப் பேர்போனவர். அப்படி நெருக்கித் தரம் கெடுவதற்கு ஜெர்மன் மொழியில் 'லோபெஸ் விளைவு' என்றே ஒரு சொல் உண்டு.

ஒரே பாகம் பல பிராண்டுகளுக்குள் போவது அடுத்த சிக்கல். டகாடா நிறுவனத்தின் ஏர்பேக்கில் காற்றை நிரப்பும் கருவிக்குள் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. வருடக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டு அது கெட்டதால், கருவி வெடித்து உலோகத் துண்டுகள் பறந்தன. சாதாரண கார்களோடு பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், ஃபெராரி கார்களும், பழுதான பாகத்தை மாற்றித் தர, நிறுவனங்களால் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-இல் டகாடா திவாலானது.

மென்பொருள் பற்றியும் பேச நினைத்தேன், நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சரி, அதை விட்டுவிடுகிறேன், பாகங்களைப் பற்றி இன்னும் ஒன்று மட்டும். கான்டினென்டல் நிறுவனம் செய்து கொடுத்த பிரேக் பாகத்தால், 2024-இல் பி.எம்.டபிள்யூ சுமார் 15 லட்சம் கார்களைக் கவனிக்க வேண்டி வந்தது. உங்கள் காரின் சேசிஸ் எண்ணைச் சொல்லி, திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் உண்டா என்று சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். பழைய கார் வாங்கியவர்கள் கட்டாயம் கேளுங்கள், முதல் உரிமையாளருக்குப் போன கடிதம் உங்களுக்கு வந்திருக்காது. வணக்கம்.